ஐம்பதுக்குப் பிறகும் வளையும்: வன்னியின் முதியோரும் குழு உளச்சிகிச்சையும்

கிளினிக் நாளில் காலை ஏழு மணிக்கே வந்து வாங்கில் இடம் பிடித்துவிடும் ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும். மடியில் ஒரு பை. அதற்குள் மூன்று கிளினிக் கொப்பிகள்: பிரஷருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று, நெஞ்செரிவுக்கு ஒன்று. குளிசையை ஒழுங்காக எடுப்பதில்லை. "இவங்கள் மருந்தை மாத்திப்போட்டாங்கள்" என்று ஒரு கிழமை நிறுத்துவார். பிறகு தலை சுற்றுகிறது என்று ஓடி வருவார். தாதி ஒருவர் அன்பாக இரண்டு வார்த்தை பேசினால் அன்று முழுக்க அவர்தான் தெய்வம். அடுத்த மாதம் அதே தாதி வேறு யாருடனோ சிரித்துப் பேசுவதைக் கண்டால், "அவள் என்னை மதிக்கிறேல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூத்த மகளோடு ஏழு வருடமாகக் கதையில்லை. மகன் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் மருமகள் சமைத்ததைத் தொடமாட்டார். தனக்கென்று ஒரு சின்னப் பானை, தனி அடுப்பு.

அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவவின்ர குணம் அப்பிடித்தான்."

அவருக்கு என்ன என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மகள் பேச வேண்டியதில்லை, கிளினிக்கில் கேட்க வேண்டியதில்லை, ஆச்சியும் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அவர் தன் பானையோடு தனியே கிடப்பார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. 1904 இன் கடைசியில் வியன்னாவில் வைத்தியர்களுக்கு முன்னால் பேசிய, உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்டும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார். ஐம்பதை நெருங்கியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் சிகிச்சைக்கு வேண்டிய மன நெகிழ்வு இருக்காது, அலச வேண்டிய வாழ்க்கையும் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கும் என்பது அவர் கருத்து. அப்போது அவருக்கு வயது 48. 1919 இல் அவருடைய வட்டத்தைச் சேர்ந்த கார்ல் ஆபிரகாம் இதை மறுத்தார். வயதானவர்களுக்கும் சிகிச்சை செய்து பார்த்தவர் அவர். நோயாளியின் வயதைவிட நோயின் வயதுதான் முக்கியம் என்றார். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கின்படி, சின்ன வயதிலேயே தொடங்கி எழுபது வரை கூடவே வந்த ஒன்றுக்கு வழியே இல்லை என்றாகிறது. ஆளுமைக் கோளாறு அப்படிப்பட்ட ஒன்று. அதனால்தான் முதியோரின் ஆளுமைக் கோளாறுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கவே உலகம் நீண்ட காலம் எடுத்தது.

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன? கோபக்காரர், சந்தேகக்காரர், பிடிவாதக்காரர் எல்லோருக்கும் இந்தப் பெயரை ஒட்ட முடியாது. ஒருவர் தன்னைப் பார்க்கும் விதமும் மற்றவர்களோடு பழகும் விதமும் நீண்ட காலமாக இறுகிப்போய், எந்தச் சூழலிலும் மாறாமல், அவரையும் சுற்றியிருப்பவர்களையும் வருத்திக்கொண்டே இருந்தால் அதுதான் கோளாறு. முன்பெல்லாம் இதை வகைவகையாகப் பிரித்தார்கள். அமெரிக்க உளமருத்துவர்களின் கையேடு இன்றும் பத்து வகை சொல்கிறது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஐசிடி 11, அந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. எவ்வளவு கடுமை என்பதை முதலில் பார், இலேசா, நடுத்தரமா, கடுமையா என்கிறது. அதற்குப் பிறகுதான் எந்தச் சாயல் என்ற கேள்வி: எதற்கும் கலங்குவதா, ஒதுங்குவதா, பிறரை மதியாததா, யோசிக்காமல் பாய்வதா, எல்லாம் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும் என்று இறுகுவதா. இளமையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்ற பழைய வரம்பும் தளர்ந்துவிட்டது. இரண்டு வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய அளவு. முதியவர்களைப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் எழுபது வயதானவரின் பதினெட்டு வயதைப் பற்றிச் சாட்சி சொல்ல யாரும் மிஞ்சியிருப்பதில்லை.

வயது போகப் போக இந்தக் கோளாறின் முகமும் மாறுகிறது. இளமையில் கையை வெட்டிக்கொள்வது, வீட்டை விட்டு ஓடுவது, அடிதடி என்று இருந்தது முதுமையில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் பயம் அடங்குவதில்லை, வேறு வழி தேடுகிறது. சாப்பிட மறுப்பது, குளிசையை நிறுத்துவது, இல்லாத நோய்க்கு நாலு டொக்டரிடம் போவது, பராமரிப்பவரோடு ஓயாத சண்டை, காணியை எழுதித் தருகிறேன் என்று ஒரு பிள்ளையையும் தரமாட்டேன் என்று இன்னொரு பிள்ளையையும் இழுத்து விளையாடுவது. இளையவர்களுக்கென எழுதிய கேள்விகள் இவர்களுக்குப் பொருந்தாது. வேலையிடத்தில் ஆட்களைத் தவிர்க்கிறீர்களா என்று ஓய்வுபெற்று இருபது வருடமான ஒருவரிடம் கேட்டு என்ன பயன்? நெதர்லாந்தில் முதியோருக்கென்றே 16 கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவம் செய்திருக்கிறார்கள். அதில் நல்ல அம்சம், நோயாளியிடம் மட்டுமல்லாமல் அவரை நன்கு அறிந்த இன்னொருவரிடமும் கேட்பது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க அமைதியாக இருந்த ஒருவர் அறுபத்தைந்தில் திடீரென்று சந்தேகப்படவோ, வெட்கமில்லாமல் நடக்கவோ தொடங்கினால் அதை ஆளுமை என்று விட்டுவிடக் கூடாது. மூளையை முதலில் பார்க்க வேண்டும். மறதி நோயின் சில வகைகள் நினைவை விட்டுவிட்டுக் குணத்தில்தான் தொடங்கும். சின்னப் பக்கவாதம், தைரொயிட், மனச்சோர்வு, சாராயம் எல்லாவற்றையும் பார்த்து விலக்கிய பிறகுதான் மற்றப் பேச்சு.

அப்புறம் போர். இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னியில் இதைத் தாண்டி யாரும் இந்த விடயத்தைப் பேச முடியாது.

1955 இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்திலோ தெற்கிலோ பிறந்திருந்தால், 1958, 1977, 1983 என்று ஏதோ ஒரு கலவரம் அவரை வன்னிக்குத் துரத்தியிருக்கும். வன்னியிலேயே பிறந்திருந்தால், குளத்துக்குக் கீழே வயல் வெட்டி, வீடு கட்டி, அந்த வீட்டை விட்டு எத்தனை முறை ஓடினார் என்று அவராலேயே எண்ணிச் சொல்ல முடியாது. முல்லைத்தீவுக் கரையில் இருந்திருந்தால் 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அவருக்கு 54 வயது. அதன் பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை முட்கம்பிக்குள் வைத்திருந்த அந்த முகாம்களின் கடைசித் துண்டு 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. பழமொழி சொல்லும் அந்த ஐம்பதுகளில்தான் இவர்கள் உடைக்கப்பட்டார்கள்.

பழைய நோய் வகைப்பாடான ஐசிடி 10 இல் இதற்கென்றே ஒரு பெயர் இருந்தது: பேரழிவு அனுபவத்துக்குப் பின்னான நிலைத்த ஆளுமை மாற்றம். உலகத்தின் மேல் நம்பிக்கையின்மையும் பகைமையும், மனிதரிடமிருந்து ஒதுங்குதல், வெறுமை, எந்நேரமும் ஆபத்து வரப்போகிறது என்ற பதற்றம், தான் இந்த உலகத்துக்கு அந்நியன் என்ற உணர்வு. புதிய வகைப்பாட்டில் இந்தப் பெயர் இல்லை. அந்த இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது சிக்கலான மனவடு நோய். அதில் பயங்கர நினைவுகள் திரும்பி வருவதோடு, உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம், உறவில் நிலைத்து நிற்க முடியாமை ஆகிய மூன்றும் சேர வேண்டும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இதுவும் ஆளுமைக் கோளாறும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் ஒரே ஆளில் இருக்கவும் கூடும்.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நீங்கள் முந்தியும் இப்பிடித்தானோ?" மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுபோய்ப் படையினரிடம் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை பதில் கிடைக்காத ஒரு தாய், யாரையும் நம்புவதில்லை என்றால் அதை நோய் என்று முதலில் சொல்ல எனக்கு வாய் வராது. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. பந்தலில் இருந்த வயதான பெற்றோர் பலர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது பதில். உளவளத்துணை அந்தப் பதிலுக்கு மாற்று ஆகாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போருக்கு முந்தியே, தகப்பனின் பூவரசம் தடிக்கும் சிற்றன்னையின் வாய்க்கும் நடுவில் வளர்ந்து, முப்பது வயதிலேயே உறவுகள் எல்லாம் முறிந்து வாழ்ந்தவர்களும் இங்கே உண்டு. எல்லாவற்றையும் போரின் தலையில் போட்டுவிட்டால் அவர்களின் நோவு யார் கண்ணிலும் படாது.

சரி, இவர்களுக்கு என்ன செய்யலாம்? ஆளுமைக் கோளாறுக்கென்று ஒரு குளிசை கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, கொடுக்கவும் வேண்டும். நித்திரைக் குளிசையைத் தொடர்ந்து எடுக்கும் முதியவர் இரவில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். மிச்சம் இருப்பது பேச்சு. அதிலும் பலரோடு சேர்ந்த பேச்சு.

குழுச் சிகிச்சை தொடங்கியது மனநோய்க்கு அல்ல. 1905 இல் பொஸ்டனில் ஜோசப் பிராட் என்ற வைத்தியர், காசநோய் வந்த ஏழைகளைக் கிழமைக்கு ஒருமுறை கூட்டி நோயோடு எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்ததற்குச் சமமாக, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் பலன் தந்தது. பின்னாளில் அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் இதைத் தெளிவாக விளக்கினார். எனக்கு மட்டும் இல்லை என்று தெரிவது ஒரு மருந்து. குழு மெல்ல மெல்ல ஒரு குடும்பம்போல ஆகி, பழைய குடும்பத்தில் நடந்த அதே கதை அங்கே மறுபடி நடப்பது இன்னொன்று. வெளியில் எப்படிப் பழகுவாரோ அப்படித்தான் ஒருவர் குழுவுக்குள்ளும் பழகத் தொடங்குவார்.

ஆளுமைக் கோளாறுக்குக் குழு பொருந்துவது இதனால்தான். தனியறையில் சிகிச்சையாளருக்கு முன்னால் ஆச்சி தங்கம்போல இருப்பார், மகளைப் பற்றி முறைப்பாடு மட்டும் சொல்வார். எட்டுப் பேருக்கு நடுவில் இருத்தினால் மூன்றாம் கிழமையே அவருக்கும் ஒருவருக்கும் பிணக்கு வரும். நோவு இருக்கும் இடம் அதுதான், அதைக் கையில் எடுத்துப் பார்க்கவும் அங்கேதான் முடியும்.

ஒரு குழுவை மனதில் வைத்துப் பார்ப்போம். ஆட்கள் என் கற்பனை. நடப்பது இப்படியான குழுக்களில் நடக்கக்கூடியது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபம், வட்டமாகப் பிளாஸ்டிக் கதிரைகள். முத்தையன்கட்டில் வயல் செய்து பிள்ளைகளை ஆளாக்கிய ஐயா ஒருவர். எல்லாம் நேரத்துக்கு, எல்லாம் ஒழுங்காக. எவர் செய்தாலும் அவருக்குக் குறை. இன்னொருவர் கதிரையை எப்போதும் வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுபவர். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். பிறகு ஒரு அம்மா. வந்த நாளில் இருந்து தேத்தண்ணி ஊற்றுவது அவர் வேலை. யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கொடுப்பார், தான் குடிக்கமாட்டார். கப்புகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவார்.

ஐந்தாவது கிழமை, குழுவை நடத்துபவர் மெதுவாகக் கேட்கிறார்: "அம்மா, இன்றைக்கு நீங்கள் இருங்கோ. ஐயா ஊத்தட்டும்." அம்மா சிரிக்கிறார், எழும்புகிறார், திரும்ப இருக்கிறார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐயா ஊற்றிக் கொண்டுவந்து நீட்டுகிறார், கொஞ்சம் சிந்திவிடுகிறது. கப்பை வாங்கிய அம்மாவின் விரல் நடுங்குகிறது. "சின்னனில அடுப்படிக்குள்ள நிண்டால்தான் எனக்கு அடி விழாது" என்கிறார். அறுபது வருடமாக அவர் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவருக்கே அது ஒரு காரணமாகத் தோன்றியதில்லை. அந்த ஐயா கையில் கேத்திலோடு நிற்கிறார். தான் வீட்டில் எத்தனை முறை தேத்தண்ணி சரியில்லை என்று கோப்பையைத் தள்ளி வைத்திருக்கிறார் என்ற கணக்கு அவருக்குள் ஓடுகிறதா என்று நடத்துபவர் உடனே கேட்கமாட்டார். அடுத்த கிழமை கேட்பார்.

இந்த இடத்தை விளக்க ஸ்கீமா சிகிச்சை நல்ல மொழி தருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெப்ரி யங் உருவாக்கியது. குழந்தைக்குப் பாதுகாப்பு, அன்பு, சொல்வதைக் கேட்க ஒரு காது, ஓர் எல்லை எல்லாம் வேண்டும். கிடைக்காதபோது மனம் ஒரு வார்ப்பை, அதாவது ஸ்கீமாவை, ஊற்றி வைத்துக்கொள்கிறது: "என்னை விட்டிட்டுப் போயிடுவினம்", "ஆரையும் நம்பேலாது", "நான் அடங்கிப்போனால்தான் பிழைப்பன்". யங் இப்படி 18 வார்ப்புகளைச் சொல்கிறார். வேலையும் கணவனும் பிள்ளைகளும் இருக்கும்வரை வார்ப்பு மூடிக் கிடக்கும். முதுமையில் மூடி கழன்றுவிடுகிறது. கணவன் போய்விட்டார், பிள்ளைகள் கனடாவில், கண் மங்குகிறது, இன்னொருவர் கை பிடிக்காமல் கிணற்றடிக்குப் போக முடியாது. யாரையும் நம்பக் கூடாது என்று ஊற்றிய மனம் இப்போது எல்லாவற்றுக்கும் பிறரை நம்பியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் அழைப்பு பத்து நிமிடம் பிந்தினால் ஆச்சி போனை அணைத்துவிட்டுப் படுப்பதன் காரணம் பிந்திய பத்து நிமிடம் அல்ல.

இதே சிகிச்சையில், மனதுக்குள் பேசும் கடுமையான பெற்றோரின் குரலை ஒரு வெறுங்கதிரையில் இருத்தி அதற்குப் பதில் சொல்லச் சொல்வார்கள். எழுபது வயது ஐயா ஒருவர் செத்துப்போன தகப்பனுக்குப் பதில் சொல்வதென்றால் நம் ஊரில் அது எளிதல்ல. தகப்பனை எதிர்த்துப் பேசுவது பாவம் என்று வளர்ந்தவர். என் எண்ணத்தில் இங்கே அவசரப்படக் கூடாது. தகப்பனை மதித்துக்கொண்டே அந்த அடியை மட்டும் வேண்டாம் என்று சொல்லும் வழி தமிழில் உண்டு, அதைக் குழுவே கண்டுபிடிக்கும்.

பேச்சு வராதவர்களுக்கு உடலால் தொடங்கலாம். நெதர்லாந்தில் 60 வயது தாண்டியவர்களுக்கான ஸ்கீமா குழுக்களில் உடல் அசைவுப் பயிற்சிகளையும் சேர்த்து, 20 கிழமைத் திட்டமாகச் சோதித்திருக்கிறார்கள். இப்படியான பயிற்சிகளில் ஒன்று மிக எளிது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் மெல்ல நடந்து வருவார். மற்றவர் எந்த இடத்தில் நெஞ்சு இறுகுகிறதோ அந்த இடத்தில் "நில்லுங்கோ" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாசலடி ஐயாவுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். முதல் தடவை அவர் சொல்லவேமாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார், முடிந்ததும் வெளியே போய்விடுவார். மெனிக் பாமில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் தள்ளிப் படு என்று யாரிடம் சொன்னார்கள்? இன்னொரு கிழமை, ஆறடித் தூரத்தில் அவர் "நில்லுங்கோ" என்கிறார். வந்தவர் நிற்கிறார். சொன்னால் நிற்பார்கள் என்பது அவர் உடம்புக்குப் புதிய செய்தி.

இதெல்லாம் பலன் தருமா? முதியவர்களைப் பற்றிய ஆய்வு இன்னும் மெல்லியதுதான், ஆனால் வெறுமை இல்லை. 2003 இல் அமெரிக்காவில் தோமஸ் லிஞ்ச் குழுவினர், 60 வயது தாண்டி நீண்டகால மனச்சோர்வில் இருந்த 34 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மருந்து மட்டும். மற்றதற்கு மருந்தோடு, உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி எனப்படும் சிகிச்சையின் திறன் பயிற்சிக் குழுவும் தொலைபேசி உதவியும், 28 கிழமைக்கு. முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குழுவுக்குப் போனவர்களில் 75 வீதமானோர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 31 வீதம். அது மனச்சோர்வைப் பற்றியது. ஆளுமைக் கோளாறும் கூட இருந்த முதியவர்களை வைத்து அடுத்த ஆய்வையும் அவர்கள் செய்தார்கள். ஸ்கீமாவைக் குழுவாகச் செய்ய வழி அமைத்த ஜோன் பாரெல், ஐடா ஷோ இருவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் கொந்தளிக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள 32 பெண்களில் குழுவில் இருந்தவர்கள் 94 வீதமானோர் எட்டு மாத முடிவில் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை. குழுவில் இல்லாத மற்றவர்களில் 16 வீதம்தான் அப்படி. வியக்கத்தக்க எண்கள், ஆனால் சிறிய ஆய்வு, அவர்கள் முதியவர்களும் அல்லர். நெதர்லாந்தில் ஆர்யன் விடெலர் 31 முதியவர்களுக்கு 20 அமர்வுக் குழு நடத்தி 2014 இல் எழுதியபோது கிடைத்தது அடக்கமான முடிவு: நோய்க்குறியும் பழைய வார்ப்புகளும் நடுத்தர அளவில் தளர்ந்தன. எனக்கு அந்த அடக்கமான முடிவில்தான் நம்பிக்கை அதிகம். எழுபதில் யாரும் புது மனிதர் ஆவதில்லை. மருமகளின் சமையலில் ஒரு கறியைத் தொட்டுப் பார்ப்பது நடக்கலாம்.

வன்னியில் இதைச் செய்வதென்றால் முதல் தடை வாய்ப்பூட்டு. இங்கே எவருக்கும் எவரும் தூரத்துச் சொந்தம், அல்லது ஒரே இடம்பெயர்வில் ஒன்றாக ஓடியவர்கள். இந்த மண்டபத்தில் பேசியது மாலைக்குள் சங்கக் கடையடியில் கேட்கும் என்ற பயம் நியாயமானது. போர் முடிந்த பின்னான ஆண்டுகளில் நாலு பேர் கூடிப் பேசுவதே விசாரணைக்கு உரிய விடயமாக இருந்தது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பேசுவது அங்கே நோய் அல்ல, உயிர் காத்த பழக்கம். ஆகவே ஒரே ஊரில் இருந்து எட்டுப் பேரை எடுக்கக் கூடாது. வேறு வேறு ஊராக எடுத்தால் பேருந்து வேண்டும். பேருந்து வரும் நேரம்தான் குழுவின் நேரம். இடையில் புதிய ஆட்களைச் சேர்க்கக் கூடாது. தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியே இரண்டு மூன்று முறை சந்தித்து, இங்கே என்ன பேசுவோம், என்ன பேசமாட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களைக் குழுவின் நடுவில் விவரமாகச் சொல்லவைப்பது இதற்குள் வராது. அது ஒருவரைத் திறந்து ஏழு பேரை உடைக்கும். அதற்குத் தனியறை வேண்டும், அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும்.

இரண்டாவது, உறவுமுறை. பத்து நிமிடத்தில் எல்லோரும் அண்ணை, அக்கா, பிள்ளை என்று ஆகிவிடுவார்கள். இது குழுவை ஒட்டவைக்கும் பசை. ஆனால் அண்ணை என்றதும் வரிசையும் வந்துவிடும்: வயதில் குறைந்தவர் வாய் திறக்கமாட்டார், பெண்கள் ஆண்களுக்குப் பிறகு பேசுவார்கள், சாதியைச் சொல்லாமலே எல்லோரும் தெரிந்துவைத்திருப்பார்கள். நடத்துபவர் முப்பது வயதுப் பெண் என்றால் அவரை "பிள்ளை, நீ இன்னும் உலகம் காணேல்லை" என்று ஐயா ஓரம் கட்டுவார். அவர் அதற்குச் சண்டை பிடிக்கவும் கூடாது, பணிந்துபோகவும் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது இதற்கும் நல்லது, ஒருவர் பேசும்போது மற்றவர் முகங்களைப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இருக்கும் சிலரின் தோளில் இதையும் ஏற்ற வேண்டும். முழு ஸ்கீமா சிகிச்சைக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், அதை நாளைக்கே கேட்பது நியாயமில்லை. கோபம் வந்தால் என்ன செய்வது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரும் திறன் குழுவில் தொடங்கலாம். அதை உளவளத்துணையாளர்கள், உளமருத்துவரின் மேற்பார்வையில் நடத்த முடியும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு ஊர்தோறும் முதியோர் குழுக்கள் இருக்கின்றன, ஆட்களை இனங்காண அவை உதவும். ஆனால் சிகிச்சைக் குழுவை முதியோர் சங்கக் கூட்டத்தோடு கலக்கக் கூடாது. அங்கே தலைவரும் பொருளாளரும் இருப்பார்கள். ஒருவரின் பேச்சில் சாக வேண்டும் என்ற எண்ணம் தெரிந்தால் அடுத்த குழு நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் எந்நேரமும் இருக்கிறது என்பதை வீட்டாருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சின்ன விடயங்களில்தான் முதியோர் குழு நிற்கும், விழும். காது கேளாதவர் நடத்துபவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தொண்ணூறு நிமிடத்துக்கு நடுவில் ஓர் இடைவேளை, கழிவறை பக்கத்திலேயே. போன கிழமை என்ன பேசினோம் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் எடுத்துப் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அடுத்த கிழமை வாயால் சொல்ல வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நாளில் யாரும் வரமாட்டார்கள் என்று முதலே கணக்கில் எடுக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் அன்றே ஒரு அழைப்பு எடுத்துக் கேட்க வேண்டும். என்னை விட்டுவிடுவார்கள் என்ற வார்ப்போடு வாழ்கிறவருக்கு அந்த அழைப்பு முக்கால்வாசிச் சிகிச்சை.

முடிவையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இருபது கிழமை என்றால் இருபது கிழமை. இந்த மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் பிரிந்தவர்களிடம் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு பிரியவில்லை. ஷெல் விழுந்தது, ஓடினார்கள், திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. ஆகவே பதினைந்தாவது கிழமையில் இருந்தே இன்னும் ஐந்து, இன்னும் நாலு என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். கோபம் வரும், ஒருவர் இருவர் கடைசி நாளுக்கு முன்பே நின்றுவிடப் பார்ப்பார்கள், அவர்களைக் கூப்பிட்டு வரவைக்க வேண்டும். கடைசி நாள் தேத்தண்ணியை யார் ஊற்றுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். பிறகு மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு, அதே மண்டபத்தில், அதே பேருந்து நேரத்துக்கு.